காண்டாமிருகத்துக்கு நம்ம ஊர் காசு எதுக்கு?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரம்பலூர் பக்கம் இருக்கிற மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வழக்கம் உண்டு. நாம் ஏதாவது ஒரு தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுத்தால், கம்பெனியும் அதே அளவு போடும். ஐயாயிரம் ரூபாயை எங்கே கொடுக்கலாம் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அஸ்ஸாமில் காண்டாமிருகத்துக்காக வேலை செய்கிற ஒரு அமைப்பும் இருந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, காண்டாமிருகத்துக்கு நம்ம ஊர் காசு எதுக்கு? இங்க மக்காச்சோளத்துக்கு வெலை இல்ல, சின்ன வெங்காயம் அழுவுது. அதுக்கு யாராவது குடுக்கறானா?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. வழக்கம்போல ராத்திரிகளில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததைக் குறிப்பாக எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஜில்லாவில் நடந்த ஒருத்தர்

முதலில் ஒரு சின்ன ஆச்சரியம். தெற்கே காண்டாமிருகம் இருந்ததே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது. அதை உலகத்துக்குச் சொன்னவர் நம் மண்ணை நன்றாகத் தெரிந்தவர்.

ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் சென்னை பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்தவர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அவருடைய சம்பளத்துக்கான வேலை அதுவல்ல. 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லா. அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் கடல்பாறைகளைப் பற்றி ஹென்றி பிளான்ஃபோர்டு அறிக்கை எழுதிய அதே காலத்தில், சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறை அமைப்பைப் பற்றி வில்லியம் கிங்கும் ஃபூட்டும் சேர்ந்து எழுதினார்கள். இன்றைக்கும் நம் பகுதியின் புவியியலைப் படிக்கிறவர்கள் அந்த 1860-களின் அறிக்கைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதே ஃபூட் பிறகு பெல்காம் பக்கம் போனார். கோகாக் ஊருக்கு அருகே ஆற்று வண்டலில் காண்டாமிருக எலும்புகள் கிடைத்தன. 1874-ல் அதை ஒரு புது இனமாக விவரித்து 'ரைனோசெரஸ் டெக்கானென்சிஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த பத்தாண்டில் கர்னூல் குகைகளை அவரும் அவர் மகனும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த காண்டாமிருக எச்சத்துக்கு ரிச்சர்ட் லிடெக்கர் 1886-ல் கர்னூல் பெயரையே வைத்தார். இலங்கையில் இரத்தினபுரி மணிக்கல் சுரங்கச் சரளையில் கிடைத்த காண்டாமிருகப் புதைபடிவங்களை பி.இ.பி. தெரணியகல விவரித்தார்.

ஆக, தெற்கே ஆந்திரம், வடக்குக் கர்நாடகம், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை என்று எல்லா இடத்திலும் அலைந்த விலங்கு இது. சிந்துவெளி முத்திரைகளில் அச்சாக இருக்கிறது. பெஷாவர் பக்கம் காண்டாமிருகம் பார்த்ததாகவும் வேட்டையாடியதாகவும் பாபர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து சுருங்கிச் சுருங்கி, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது அஸ்ஸாம், வங்கத்தின் வடபகுதி, நேபாளத் தராய் என்று சில புல்வெளிகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நம்மிடம் இருந்து போனது போய்விட்டது. அங்கே மிச்சம் இருந்தது எப்படி மிச்சமானது என்பதுதான் கதை.

ஒரே ஒரு சர்வர்

காசிரங்கா. வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி 1904-ல் போய்ப் பார்த்தார், மூன்று விரல் குளம்புத் தடம் மட்டும் தெரிந்தது, விலங்கு தெரியவில்லை, திரும்பி வந்து கணவரிடம் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மையோ, 1905-ல் காப்புக்காடாக்கும் முதல் அறிவிப்பு வந்தது நிஜம். 1908-ல் காப்புக்காடு, 1916-ல் வேட்டை விலங்குச் சரணாலயம். 'வேட்டை' என்ற வார்த்தையே வேண்டாம் என்று 1950-ல் அதை வனவிலங்குச் சரணாலயமாகப் பெயர் மாற்றியவர் பி.டி. ஸ்ட்ரேசி என்ற வன அதிகாரி. 1954-ல் காண்டாமிருகத்துக்கென்றே அஸ்ஸாம் ஒரு சட்டம் போட்டது. 1974-ல் தேசியப் பூங்கா. இ.பி. ஜீ என்ற தேயிலைத் தோட்டக்காரர் தன் கேமராவையும் பேனாவையும் வைத்து இந்த இடத்தை வெளியுலகத்துக்குக் காட்டினார்.

1966-ல் ஜுவான் ஸ்பில்லெட் எடுத்த கணக்கில் காசிரங்காவில் 366 காண்டாமிருகங்கள். 2022 கணக்கெடுப்பில் 2,613. ஏழு மடங்கு. சம்பளத்தை விடத் தைரியம் அதிகமாகத் தேவைப்படும் வேலையில் இருந்த வனக் காவலர்கள் பல பேர் சேர்ந்து சாதித்தது இது. இதில் பெரும்பங்கு அரசாங்கத்தின் வேலை, வனத்துறையின் வேலை. தொண்டு அமைப்பு பற்றி எழுதும்போது இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் என்னைப் போல இருபது வருஷம் சாஃப்ட்வேரில் குப்பை கொட்டினவனுக்கு, இந்த எண்ணைப் பார்த்ததும் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வரும். எல்லா டேட்டாவும் ஒரே மெஷினில் இருக்கிறது! ஒரு பக்கம் பிரம்மபுத்திரா, வருஷாவருஷம் வெள்ளம். இன்னொரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை. வெள்ளம் வந்தால் விலங்குகள் அந்த ரோட்டைத் தாண்டித்தான் கார்பி மலைகளுக்கு ஏற வேண்டும். ஒரு தொற்றுநோய் வந்தால்? ஊரில் ஒரு கலவரம் வந்து காவல் விட்டுப்போனால்?

கடைசிக் கேள்வி கற்பனை இல்லை. 1983-ல் அஸ்ஸாம் கிளர்ச்சியின்போது காவல் குலைந்தது. லாவ்கோவா சரணாலயத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்களை வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்தார்கள். மானஸ் தேசியப் பூங்காவில் நூறு அளவில் இருந்தவை, போடோ போராட்டக் காலத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் போயின. 1992-ல் யுனெஸ்கோ மானஸை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் போட்டது. இரண்டு பேக்கப் இருந்தது, இரண்டும் அழிந்தது.

இந்த ஆபத்தை 1980-களிலேயே யோசித்திருக்கிறார்கள். 1984-ல் அஸ்ஸாமிலிருந்து ஐந்து காண்டாமிருகங்களை உத்தரப் பிரதேசத்தின் துத்வாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷம் நேபாளத்திலிருந்து நாலு பெண் காண்டாமிருகங்கள் வந்தன. அதற்குப் பதிலாக நாம் கொடுத்தது பழக்கிய யானைகள் பதினாறு. ஒன்றுக்கு நாலு என்று கணக்கு. பண்டமாற்று என்றால் இதுதான்!

யார் யார் கைகோத்தார்கள்

இங்கேதான் சின்ன அமைப்புகள் கதைக்குள் வருகின்றன.

1989-ல் குவஹாத்தியில் சில இளைஞர்கள் ஒரு இயற்கைக் கழகம் தொடங்கினார்கள். பெயர் ஆரண்யக். நம் ஊரில் பறவை பார்க்க நாலு நண்பர்கள் சேர்வது மாதிரித்தான். அதைத் தொடங்கியவர் பிபாப் குமார் தாலுக்தார். அந்தக் கழகம் வளர்ந்து ஆராய்ச்சி அமைப்பானது. தாலுக்தார் உலகளவில் ஆசியக் காண்டாமிருக வல்லுநர் குழுவுக்கே தலைவரானார். மோப்ப நாயை வைத்துக் கொம்புத் திருடர்களின் தடத்தைப் பிடிக்கும் வேலையை 2011-ல் தொடங்கியதும் ஆரண்யக்தான். முதல் நாயின் பெயர் ஜோர்பா, பெல்ஜியன் மாலினாய் இனம்.

அமெரிக்காவில் 1991-ல் ஒரு அமைப்பு தொடங்கியது. ஜிம்பாப்வேயின் கறுப்புக் காண்டாமிருகத்துக்காகத் தொடங்கி, இரண்டு வருஷத்தில் ஐந்து இனங்களுக்குமாக விரிந்து, சர்வதேசக் காண்டாமிருக அறக்கட்டளை என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆரண்யக்கின் தாலுக்தார் இவர்களுக்கும் ஆசிய ஒருங்கிணைப்பாளராக இருந்தார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருந்ததால் பேச்சு சீக்கிரம் வேலையானது என்று எனக்குத் தோன்றுகிறது.

1998-ல் விவேக் மேனனும் அசோக் குமாரும் தொடங்கியது இந்திய வனவிலங்கு அறக்கட்டளை. இவர்கள் 2002-ல் அஸ்ஸாம் வனத்துறையோடும் ஐஃபா என்ற சர்வதேச விலங்குநல அமைப்போடும் சேர்ந்து காசிரங்கா ஓரத்தில் ஒரு மறுவாழ்வு மையம் கட்டினார்கள். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த கன்றுகளைப் பாட்டில் பால் கொடுத்து வளர்க்கும் இடம்.

2003 பிப்ரவரியில் போடோ ஒப்பந்தம் கையெழுத்தானது. போடோலாந்து பிரதேச கவுன்சில் அமைந்தது. இந்த வரி சுற்றுச்சூழல் கட்டுரைகளில் அரைவரியாகத்தான் வருகிறது. என்னைக் கேட்டால் இதுதான் திருப்புமுனை. சண்டை நின்றதும் மானஸ் ஓரத்தில் கோகிலாபாரி கிராமத்து இளைஞர்கள் மானஸ் மாவ்ஜிகேந்திரி சுற்றுலாச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காட்டில் வேட்டைக்குப் போனவர்களே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுக் காவலுக்கு வந்தார்கள். காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்தவர்கள். இவர்களைவிட நல்ல காவலர்கள் எங்கே கிடைப்பார்கள்?

2005-ல் எல்லோரும் ஒரு மேஜைக்கு வந்தார்கள். அஸ்ஸாம் அரசு, போடோலாந்து கவுன்சில், டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா, சர்வதேசக் காண்டாமிருக அறக்கட்டளை, அமெரிக்காவின் மீன் மற்றும் வனவிலங்குத் துறை. திட்டத்தின் பெயர் 'இந்தியக் காண்டாமிருகத் தொலைநோக்கு 2020'. குறிக்கோள் ஒரே வரி: 2020-க்குள் அஸ்ஸாமில் 3,000 காண்டாமிருகங்கள், ஏழு காடுகளில். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு மெஷினில் இருப்பதை ஏழு மெஷினில் பிரித்து வைப்பது.

மைனாவ்

மானஸுக்கு முதலில் திரும்பியது ஒரு பெண் கன்று. காசிரங்கா வெள்ளத்தில் மீட்டு, மறுவாழ்வு மையத்தில் வளர்த்தது. 2006-ல் லாரியில் மானஸுக்குப் போனது. அதற்கு மைனாவ் என்று பெயர். போடோ மக்கள் வீட்டில் செல்வத்துக்குத் தெய்வம் மைனாவ். நம்ம ஊரில் லட்சுமி என்று வைப்போமே, அப்படி. பெயரிலேயே உள்ளூர்க்காரர்களையும் பங்குதாரர் ஆக்கிவிட்டார்கள் பாருங்கள். அடுத்து கங்கா, ஜமுனா என்று கைவளர்ப்புக் கன்றுகள் வந்தன. 2008 ஏப்ரலில் பொபிதோராவிலிருந்து இரண்டு ஆண் காண்டாமிருகங்களை மயக்க ஊசி போட்டு, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, கூண்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். 2012-க்குள் அப்படிப் பதினெட்டு. பாட்டில் பால் குடித்து வளர்ந்தவை 2013-ல் தாங்களே கன்று ஈன்றன. அதற்கு முன்பே, 2011-ல், யுனெஸ்கோ மானஸை ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எல்லாம் சுபம் என்று முடிக்க ஆசைதான். முடியாது. கொண்டுவந்தவற்றில் சிலவற்றை வேட்டைக்காரர்கள் மறுபடி சுட்டார்கள். 2016-ல் லாவ்கோவா–புராசபோரிக்கு அனுப்பிய இரண்டு காண்டாமிருகங்கள் சில மாதங்களில் இறந்துபோயின. ஏழு காடு என்ற இலக்கு எட்டவில்லை.

2022 கணக்கை நானே கூட்டிப் பார்த்தேன். காசிரங்கா 2,613. ஓராங் 125. நாற்பது சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பொபிதோராவில் 107. மானஸில் சுமார் 40. மொத்தம் கிட்டத்தட்ட 2,900. மூவாயிரம் என்ற எண்ணுக்கு நூறுதான் பாக்கி. ஆனால் அதில் பத்துக்கு ஒன்பது இன்னும் காசிரங்காவில்தான். எண்ணிக்கையில் பாஸ், பரவலில் ஃபெயில். பதினைந்து வருஷ உழைப்புக்குப் பிறகும் முக்கியமான சர்வர் ஒன்றேதான்.

இதை அந்த வேலையைக் குறை சொல்ல எழுதவில்லை. ஒரு காட்டைக் காலி செய்ய நாலைந்து வருஷக் குழப்பம் போதும். அதே காட்டில் நாற்பது காண்டாமிருகம் வர அரசு, கவுன்சில், நாலைந்து அமைப்புகள், ஒரு கிராமம் எல்லாம் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அழிப்பதும் ஆக்குவதும் ஒரே விலை இல்லை.

வேட்டைப் பக்கம் நல்ல செய்தி உண்டு. 2021 செப்டம்பர் 22, உலகக் காண்டாமிருக நாளன்று, பொகாகாத்தில் அரசுக் கருவூலங்களில் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளைக் குவித்து எரித்தார்கள். கொம்பு என்பது நம் நகம், முடி மாதிரி கெரட்டின்தான், மருந்தும் இல்லை மாயமும் இல்லை என்று ஊரறியச் சொல்வதற்காக. 2022-ல் அஸ்ஸாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டைக்குப் பலியாகவில்லை. அப்படி ஒரு வருஷம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வேஷம் போட்ட எழுத்தாளர்

சின்ன அமைப்பு என்றால் எவ்வளவு சின்னது? லண்டனில் 1994-ல் டேவ் ஸ்டிர்லிங், ஜானி ராபர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கிய 'சேவ் தி ரைனோ' அமைப்பைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. என் தொழில்காரர்கள் அத்தனை பேருக்கும் 42 என்ற எண்ணின் ஜோக் தெரியும். அதை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் இவர்களுடைய புரவலர். அதே 1994-ல் கிளிமாஞ்சாரோ ஏறிய குழுவோடு போய், காண்டாமிருக வேஷம் மாட்டிக்கொண்டு நடந்தார், நிதி திரட்ட! இன்றைக்கும் லண்டன் மாரத்தானில் அந்த வேஷத்தோடு ஓடுகிறார்கள். எனக்கு முதலில் கூத்தாகத் தெரிந்தது. பிறகு யோசித்தேன். கோயில் திருவிழாவில் வேஷம் கட்டி வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குவதில்லையா? அதேதான்.

இப்படி வரும் பணம் எங்கே போகிறது? காட்டுக்குள் வாக்கி டாக்கி, படகு, ரெயின்கோட், பூட்ஸ், நாய்க்குத் தீனி, ரேடியோ பட்டைக்கு பேட்டரி. அரசாங்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸுக்கு ஃபைல் நகர்ந்து வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அந்த இடைவெளியை அடைப்பதுதான் சின்ன அமைப்பின் வேலை. மெயின் சிஸ்டத்தை அவர்கள் ஓட்டுவதில்லை. அது நின்றுபோகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

மாமாவுக்குப் பதில்

இதையெல்லாம் படித்துவிட்டு, அடுத்த முறை ஊருக்குப் போனபோது மாமாவை டூவீலரில் ஏற்றிக்கொண்டு கரைவெட்டிக்குப் போனேன். அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற பெரிய ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கரையில் நின்றால் ஒரு பக்கம் நெல், இன்னொரு பக்கம் தண்ணீர். அன்றைக்கு வரித்தலை வாத்துகள் கொஞ்சம் தூரத்தில் இருந்தன. மாமாவிடம் பைனாகுலரைக் கொடுத்தேன்.

"இதெல்லாம் எங்கேருந்து வருது மாப்ள?"

"திபெத்து, மங்கோலியா பக்கம் மாமா. இமயமலையைத் தாண்டி வருது."

"அங்க யாரு பாத்துக்கறா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத்தான் அவர் வாயால் வரவைக்க நினைத்திருந்தேன், வந்துவிட்டது. அங்கே யாரோ பேர் தெரியாத ஆள் முட்டையை எடுக்காமல் விட்டால்தான் இங்கே நம் ஏரிக்குப் பறவை. இங்கே ஆயக்கட்டு விவசாயி தண்ணீரைக் கொஞ்சம் விட்டுவைத்தால்தான் அங்கே திரும்பிப் போகப் பறவை. எங்கள் ஏரியையும் எங்கோ இருக்கிற யாரோ நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஃபூட் காலத்துக்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்னாடியே தெற்கே காண்டாமிருகம் போய்விட்டது. அதைக் காப்பாற்ற அன்றைக்கு ஆள் இல்லை. அஸ்ஸாமில் ஆள் இருக்கிறார்கள், நம்மால் முடிந்தது பூட்ஸ் காசு.

மாமா ரொம்ப நேரம் பைனாகுலரைத் தரவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் பின்னாலிருந்து கேட்டார்: "அந்தக் காண்டாமிருகத்துக்கு எவ்வளவு குடுத்த?"

"ஐயாயிரம் மாமா. கம்பெனி ஐயாயிரம்."

"சரி. அடுத்த வருசம் அதுல பாதிய இந்த ஏரிக்கு யாராவது செய்யறாங்களான்னு பாத்துக் குடு."

பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரைவெட்டி, அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் ஏரிகளுக்காகவோ பறவைகளுக்காகவோ நாலு பேராகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆரண்யக்கும் அப்படி நாலு பேராகத்தான் தொடங்கியது.